நாலாவது சுற்று

உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் பூவாணிக்குடிக்காட்டில் இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆவணி மாதத்திலிருந்து மக்கள் புவனேஸ்வரி போட்ட டிரம்ஸுக்குத்தான் நடக்கிறார்கள். டிரம்ஸ் யார் காதிலும் விழுவதில்லை. அவள் ஹெட்போனில் கேட்பாள். ஊர் காலெடுத்து வைக்கும். அவளுடைய கால் மட்டும் எப்போதும்போல் தன் இஷ்டத்துக்கு நடந்தது.

புவனேஸ்வரிக்கு அப்போது இருபத்தேழு வயது. மெயின் ரோட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊராருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லாருடைய சாதியையும் எழுத்துப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சர்வர் மாட்டிக்கொண்டு திரையில் வட்டம் சுற்றும் நேரங்களில், இலவசமாக இறக்கிய ஒரு மென்பொருளில் ஹிப்-ஹாப் தாளம் போடப் பழகினாள். ராப் பாட்டில் மற்றவர்கள் வார்த்தையைக் கேட்பார்கள். அவளுக்கு அடியில் ஓடும் தாளம்தான் பிடிக்கும். ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டம். எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அங்கே அடி விழும்: 'டும்' என்றால் கிக், 'டப்' என்றால் ஸ்னேர். சர்வர் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அவளுக்கு இந்த வித்தை வந்தே இருக்காது.

முதல் மாதம் எல்லா அடியையும் கட்டத்துக்குள் கச்சிதமாக வைத்தாள். ஊர் போலீஸ் அணிவகுப்புபோல் நடந்தது. செம்பை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் ஒதுங்கப் போகிறவர்கள்கூட விறைப்பாகப் போனார்கள். ஒழுக்கம் திரும்பிவிட்டது என்று தலைமையாசிரியர் பரணிதரன் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். ஒருநாள் கைதவறி இரண்டு கிக்கைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிட்டாள். மூன்று கட்சிகளின் கிளைச் செயலாளர்கள் டீக்கடை வாசலில் ஒன்றாகத் தத்திக் குதித்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த ஒரே பொதுக் காரியம் அது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. தாளத்தை நிறுத்திப் பார்த்தாள். ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவர் தூக்கிய காலோடு நின்றார். மறுபடி ஓடவிட்டாள், காலை ஊன்றிப் போனார். அதற்குப் பின் அவள் அதை நிறுத்தவே இல்லை. ஐந்தாவது மாதம், ஸ்னேரை ஒரு மயிரிழை தாமதமாக விழ விட வேண்டும் என்பது பிடிபட்டது. மறுநாள் ஊரின் இடுப்பு தளர்ந்தது. மருமகள்கள் மாமியார் முன்னால் ஆடி ஆடி நடந்தார்கள். மாமியார்களும் அப்படியே நடந்ததால் பேச்சு எழவில்லை.

அடுத்த சித்திரைக்குள் அவள் தாளத்தை நாலு சுற்றாக வளர்த்திருந்தாள். மூன்று சுற்று ஒரே மாதிரி, நாலாவதில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்துக்காக நாலு மாதம் உட்கார்ந்தாள். அது சரியாக வந்த அன்று, இதுவரை செய்ததிலேயே இதுதான் உருப்படி என்று தோன்றி, சான்று வாங்க வந்தவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தாள். செல்லியம்மன் தேர் கீழத்தெரு, தெற்குத்தெரு, மேலத்தெரு என்று மூன்று தெரு சுற்றி நிலைக்கு வரும். நாலாவது, புவனேஸ்வரியின் தெரு. பெயர் புதுத்தெரு, எல்லாரும் சொல்வது காலனி. அது குறுகல், தேர் நுழையாது என்பது விழாக் கமிட்டியின் கருத்து. போர்வெல் லாரி அதில் போய்வந்தது. அதைப் பற்றிக் கமிட்டிக்குக் கருத்தில்லை. தேரன்று ஒரு தெருவுக்கு ஒரு சுற்று ஆயிற்று. மூன்று தெரு முடிந்ததும் நாலாவது சுற்றின் திருப்பம் வந்தது. வடம் பிடித்த நானூறு பேரின் கால்களும் திரும்பின. கமிட்டித் தலைவர் ராஜராஜன், "நிப்பாட்டுங்கடா!" என்று கத்திக்கொண்டே, வடத்தைப் பிடித்தபடி, இடுப்பை ஆட்டி ஆட்டிக் காலனிக்குள் முதல் ஆளாக நுழைந்தார். 'தவிர்க்க இயலாத கால் காரணங்களால் பாதை மாறியது' என்று கமிட்டி நோட்டில் எழுதினார்கள்.

மறு வருஷம், தேருக்கு முதல் நாள், ராஜராஜன் சென்டருக்கு வந்தார். கால்களை நடத்துவது அவள் தாளம்தான் என்ற விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

"ஏ புள்ள, அந்த நாலாவது சுத்த அழிச்சிடு."

"அழிச்சா தேரு மூணோட நின்னுடும்ங்க."

"நிக்கட்டும். நமக்கு மூணு தெருதான? இந்தக் கட்டடம் யாருதுன்னு ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. அவள் அழித்தாள். அழிக்கும்போது விரல் கூசியது. மாற்றிய தாளம் தேர் கிளம்பும்போதுதான் ஓடத் தொடங்கும்படி வைத்தாள். மறுநாள் தேர் மூன்று தெருவும் வந்து, மேலத்தெருக் கடைசியில் ராஜராஜன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அடியில்லாத சுற்றுக்கு முடிவு கிடையாது. ஊரில் ஒரு காலும் எழவில்லை. அவரவர் நின்ற இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரியலூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் என்பதால் அவர்களால் நடக்க முடிந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார்கள். தன் வீட்டுப் படிக்கு நாலடி தூரத்தில் ராஜராஜன் வடத்தோடு நின்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் மனைவி உண்ணாமலை, தான் மாட்டிக்கொண்டு நின்ற ஜன்னலிலிருந்தே கூப்பிட்டாள். "சாமி போற எடத்துக்குப் போவட்டுமே. இல்லன்னா எனக்காவது ஒரு வழி சொல்லுங்க, நேத்துலேர்ந்து ஒத்தக் கால்ல நிக்கிறேன்."

தண்ணீர்க் குடத்தோடு வந்த புவனேஸ்வரியை ராஜராஜன் பார்த்தார். "போடுங்க" என்றார். அந்தத் தெரு ஆள் ஒருவரிடம் அவர் 'ங்க' போட்டது அதுவே முதல் தடவை. வெயிலில் வாய் குழறிவிட்டது என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்.

"வாய்ல சொன்னா செல்லாதுங்க. மனுவா குடுங்க" என்றாள் அவள். பேப்பரும் பேனாவும் அவளே நீட்டினாள். வாசகத்தை அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'நாலாவது தெரு' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது, உண்ணாமலை இருமினாள், எழுதிவிட்டார். புவனேஸ்வரி சென்டருக்குப் போய் ஞாபகத்திலிருந்தே திருப்பத்தை மறுபடி போட்டாள். தேர் காலனிக்குள் போனது.

இப்போது விழா நோட்டீஸிலேயே நாலு தெருவும் அச்சாகிறது. அடியில் ராஜராஜன் பெயரும் இருக்கிறது. தேரைக் காலனிக்குக் கொண்டுபோனதே தான்தான் என்று கட்சிக் கூட்டங்களில் பேசுகிறார். போன சித்திரையில் தேர் திரும்பும்போது புவனேஸ்வரி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். சுற்றிலும் குலவை. அவளோ கால்களையே பார்த்தாள். கடைசிக் கிக் கொஞ்சம் அவசரப்படுவதாகப் பட்டது. மறுநாள் காலை அதை அரைக் கட்டம் தள்ளி வைத்தாள். பால் வாங்கப் போன ராஜராஜனின் நடையில் ஒரு குழைவு கூடிற்று. பால்காரர் அதைப் பார்த்தார்; இது முன்னதைவிட நன்றாக இருக்கிறது என்றார்.