சொந்தக்கார எடைக்கற்கள்

ஒரு படகு எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்று தெரிந்துகொள்ள, முதலில் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். எடை தெரிந்த இரும்புக் கட்டிகளைத் தளத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்துவோம். உள்ளே கூரையிலிருந்து ஒரு தூக்குக் குண்டு தொங்கும். அது எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்போம். எல்லாம் சரியாக இருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்காரும். அதைப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் நிம்மதியை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்.

படகு கட்டும் யார்டில் என்னை சைலன்சர் என்று கூப்பிடுவார்கள். இன்ஜின் பிரிவு வைத்த பெயர். நான் பேசுவது சில சமயம் எனக்கே கேட்காது.

இந்தச் சோதனையில் ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னாலும் ஒருவர் "யாரும் அசையாதீங்க!" என்று கத்த வேண்டும். அது ஃபோர்மேனின் வேலை. அவர் இரண்டு இன்ஜின்களையும் ஓடவிட்டு, அவற்றுக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு டெஸ்ட்டை நீதான் நடத்தணும். ஃபோர்மேன் பக்கத்துல இருப்பாரு, ஊமைப் படம் மாதிரி. உன் சத்தம் இந்த ரூமுக்குக் கேக்கணும். கேட்டா வேலை நிரந்தரம். கேக்கலைன்னா ஃபைல் ரூம்."

ஃபைல் ரூமில் ஜன்னல் கிடையாது.

"சரி சார்," என்றேன்.

"என்னது?"

"சரி சார்."

"பாத்தியா, இதைத்தான் சொல்றேன்."

அன்று மதியம் படகுக்குள் இருக்கும் பொருள்களை எல்லாம் நிறுத்து முடித்தேன். உல்லாசப் படகு என்பதால் பொருள்களுக்குக் குறைவில்லை. சோபாக்கள் பிளாஸ்டிக் உறைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தன. பெரிய படுக்கையறையில் தச்சர் சுவரின் ஒரு பலகையைத் தள்ளி மூடுவதைப் பார்த்துவிட்டேன். அதன் பின்னால் ஓர் அலமாரி. அலமாரி முழுக்க பிஸ்கட் டின், சிப்ஸ், சாக்லேட்.

"இது ஓனரோட மருந்தும்மா," என்றார் தச்சர். "வெளிய சொல்லிடாதீங்க. அவர் வீட்டம்மா கண்டிஷன் தெரியும்ல? கப்பல் கைக்கு வர்றதுக்குள்ள நூறு கிலோவுக்குக் கீழ வந்தா, ஓனர் வைக்கிற பேரு. இல்லேன்னா மாமனார் பேரு."

படகின் பின்புறம் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது. அந்த மாமனார் கல்யாணத்துக்கு முன்பு ஓனரைப் பார்த்து, "நீ சைக்கிள்கூட சொந்தமா வாங்க மாட்டே" என்று சொன்னவராம். ஓனர் படகு வாங்கியதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்றார் தச்சர்.

மறுநாள் காலை கிரேன் மக்கர் செய்தது. கொக்கி உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. இரும்புக் கட்டிகள் கரையில், படகு தண்ணீரில். சான்றிதழ் தரவேண்டிய சர்வேயர் மதியம் கிளம்பிவிட்டால் அடுத்த மாதம்தான் வருவார். அந்த நேரம் பார்த்து ஓனர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். இன்று சவாரி என்று அவர்களிடம் சொல்லியிருந்தாராம். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக ஒன்பது பேர்.

"இரும்பு எதுக்குங்க? நாங்கதான் இத்தனை பேர் இருக்கோமே," என்றார் ஓனர்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சர்வேயர் யோசித்தார். "சின்னப் படகுதான். ஒவ்வொருத்தர் எடையும் சரியா தெரிஞ்சா எனக்கு ஆட்சேபணை இல்லை. இரும்பா மனுஷனான்னு படகுக்குத் தெரியாது."

தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஸ்டோரிலிருந்து நங்கூரச் சங்கிலி நிறுக்கும் தராசு வந்தது. அதில் எண்கள் உள்ளங்கை அளவில் சிவப்பாக எரியும். தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

ஓனரின் அக்கா ஓரடி பின்வாங்கினார். குடும்பத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் அத்தைதான். "இதுலயா? நான் என்ன நங்கூரமா?"

"நங்கூரம்னா பேசாம கிடக்கும் அத்தை," என்றார் ஓனர் மனைவியின் தம்பி. ஓனர் அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் எங்களுக்கும் அவர் மச்சான் ஆகிவிட்டார். கொடியில் காயும் சட்டைபோல ஒல்லியான மனிதர்.

கடைசியில் தராசை ஸ்டோர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். ஒவ்வொருவராக உள்ளே போய், எண்ணைப் பார்த்துத் துண்டுச்சீட்டில் எழுதி, மடித்து என் கையில் கொடுத்தார்கள். நானும் உள்ளே நின்று பார்த்திருக்க வேண்டும். விதி அதுதான். ஆனால் அத்தை, "நீ வெளிய நில்லும்மா" என்றார். நான் நின்றேன்.

தளத்தில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு, மும்மூன்று பேராக நான்கு குழுக்களை நிறுத்தினோம். கயிறுகளைத் தளர்த்தினோம். கரைக்கும் படகுக்கும் நடுவிலிருந்த பலகையை எடுத்தோம். கீழே கூடத்தில் தூக்குக் குண்டு ஒரு வாளி எண்ணெய்க்குள் தொங்கியது. எண்ணெய் இல்லாவிட்டால் அது ஆடி முடிக்கவே அரை நாள் ஆகும்.

நான் ஒலிபெருக்கியை வாயில் வைத்தேன்.

"யாரும் அசையாதீங்க."

"மைக் டெஸ்ட்டா பாப்பா?" என்றார் மச்சான்.

ஃபோர்மேன் ஸ்பேனரால் கைப்பிடிக் கம்பியில் ஓங்கித் தட்டினார். எல்லோரும் சிலையானார்கள். நான் ஓடிப்போய் அளந்தேன். இப்படியே ஒவ்வொரு குழுவாக ஓரம் மாற்றினோம். நடுவில் அத்தையின் போன் அடித்தது. சிக்னல் தேடி அவர் முன்பக்கம் நடந்தார். குண்டும் அவரோடு நடந்தது. திரும்பி வந்ததும், "அசையாதீங்கன்னு சொன்னே, பேசாதீங்கன்னு சொல்லலையே" என்றார். அந்த அளவை மறுபடி எடுத்தோம்.

வெயில் ஏறியது. "எள்ளு காயுது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை நான் எதுக்குக் காயறேன்?" என்றார் மச்சான்.

"மச்சான், வாயை மூடு. கப்பல் சாயுது," என்றார் ஓனர். அவர் மட்டும்தான் அதைக் கப்பல் என்பார். நாங்கள் படகு என்போம். சர்வேயர் 'இது' என்பார்.

புள்ளிகளை வைத்துப் பார்த்தேன். எல்லாம் நேர்கோட்டில் வந்தன, மூன்றாம் குழு நகர்ந்த இரண்டு தடவைகளைத் தவிர. அவை கோட்டை விட்டு விலகி நின்றன.

சர்வேயர் குனிந்து பார்த்தார். "மூணாவது குழு எழுதிக் கொடுத்ததைவிட கனமா இருக்கு. தராசை நீங்கதானே படிச்சீங்க?"

"இல்லை சார். வெளிய நின்னேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

மூன்றாம் குழுவில் அத்தை, மச்சான், ஓனர். செய்தி எப்படி மேலே போனதோ தெரியவில்லை. நான் தளத்துக்கு வந்தபோது பதினோரு பேரும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, ரெண்டு கிலோ முன்னப்பின்ன இருந்தா என்ன, சொல்லிடுங்களேன்," என்றார் ஓனர் மனைவி.

"நான் பாத்ததைத்தான் எழுதினேன்! பொய் எழுதியிருந்தா இந்தத் தண்ணியிலயே குதிச்சிடறேன்!"

"வேணாம் அத்தை. அலை வந்து ரீடிங் கெட்டுடும்," என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

நான் சர்வேயர் அருகில் போய், "சார், படகே தராசுதான். மூணு பேரையும் ஒவ்வொருத்தரா நடக்கவிட்டா தெரிஞ்சிடும்" என்றேன். அவருக்குக் கேட்டது. தலையசைத்தார்.

இது இன்னொரு சுற்றுச் சோதனை என்றே குடும்பம் நினைத்தது. முதலில் அத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு நடந்தார். நான் கீழே அளந்தேன். அவர் எழுதிய எடைக்குக் குண்டு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. மச்சானும் அப்படியே. மூன்றாவதாக ஓனர் நடந்தார். குண்டு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் போய் நின்றது. அவர் சீட்டில் எழுதியிருந்தது தொண்ணூற்றெட்டு. மூன்று மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட இருபது கிலோ.

ஃபோர்மேன் அளவுகோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "முழுப் பூசணிக்காய்," என்று காற்றாகச் சொன்னார்.

அப்போது எண்ணெய்க்குள் குண்டு மெல்ல நகர்ந்தது. யாரோ படியை நோக்கி வருகிறார்கள். பெரிய ஆள். நிமிர்ந்து பார்த்தபோது ஓனர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா சைலன்சர்... உன் பேரு அதுதானே?"

இல்லை என்று சொல்ல நேரமில்லை.

"அக்கா பேருல ஏத்தி எழுதிடும்மா. சின்ன வயசுலேருந்து எனக்காகப் பழி ஏத்துக்கிட்டவ அவ. கோவிச்சுக்க மாட்டா. ரெண்டு வாரத்துல நான் குறைச்சிடுவேன், சத்தியம். உங்க மேனேஜர்கிட்ட உன்னைப் பத்தி நல்லபடியா பேசறேன்." குரலைத் தாழ்த்தினார். "காலம் முழுக்க என் மாமனார் மேல ஏறி உக்காந்து கடலுக்குப் போகணுமா? நீயே சொல்லு."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தையின் எண்ணை மாற்றினால் கணக்கு சரியாகிவிடும். மூவரும் ஒரே குழு, கோடும் நேராகிவிடும். அளந்து முடித்ததும் பலகையைப் போட்டு இறங்கிய சர்வேயர் கரையில் போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் தனித்தனி அளவுகளை இன்னும் பார்க்கவில்லை. மேனேஜரும் சந்தோஷப்படுவார். எனக்கு ஜன்னல் உள்ள அறை.

திறந்திருந்த மேல்ஜன்னல் வழியாக அத்தையின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "என்னைப் பொய்க்காரின்னு நிக்க வெச்சிட்டாங்கடி. அதுவும் தம்பி கப்பல்லயே."

நான் படியேறினேன். ஓனரும் பின்னால் ஏறினார். ஒலிபெருக்கி எங்கே என்று தெரியவில்லை. யாரோ அதன்மேல் தொப்பியை வைத்திருந்தார்கள். அது இல்லாமலே வாயைத் திறந்தேன்.

"அத்தை எழுதினது சரி!"

என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அது கிரேனில் பட்டுத் திரும்பி வந்தது. கரையில் சர்வேயர் போனைக் காதிலிருந்து எடுத்தார். எதிர்ப்புறம் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்றார். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. யார் எழுதியது தவறு என்றும் சொல்லவில்லை.

எல்லோரும் மூன்றாம் குழுவில் மிச்சமிருந்த இருவரையும் பார்த்தார்கள். மச்சான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "என்னை யாரும் பாக்காதீங்க. நான் பொய் சொன்னாலும் குண்டுக்குத் தெரியாது."

ஓனர் மனைவி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

"சரி சரி, நான்தான்!" என்றார் ஓனர். "கட்டின கப்பலே காட்டிக் கொடுத்துடுச்சு. இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினேன்?"

ஓனரை மறுபடி நிறுத்தோம். இம்முறை நான் உள்ளே நின்றேன். "நம்பரை மட்டும் சத்தமா சொல்லிடாதம்மா," என்று கெஞ்சினார். சொல்லவில்லை. எழுதி சர்வேயரிடம் மட்டும் காட்டினேன். புதிய எண்ணைப் போட்டதும் விலகி நின்ற இரண்டு புள்ளிகளும் நல்ல பிள்ளைகளாகக் கோட்டில் வந்து உட்கார்ந்தன. சர்வேயர் கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை கதவுக்கு உள்ள நில்லுங்க," என்றார்.

இதற்குள் கால் வலி என்று படுக்கையறைக்குப் போன அத்தை, சுவரில் சாய்ந்திருக்கிறார். பலகை நகர்ந்திருக்கிறது. இரண்டு கைகளிலும் பிஸ்கட் டின்களோடு மேலே வந்தார்.

"தம்பி, இதையும் கணக்குல சேத்தாச்சாடா?"

"சேத்தாச்சு," என்றேன். என்னைக் கேட்காமலே நான் பதில் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மேனேஜர் சாயங்காலம் கூப்பிட்டார். "ரூமுக்குக் கேட்டுச்சு. கண்ணாடி அதிர்ந்துச்சு." நிரந்தரக் கடிதத்தை நீட்டினார். "இனிமே கொஞ்சம் குறைச்சுக்கோ."

அடுத்த வாரம் பெயின்டர் படகின் பின்புறம் பலகையில் தொங்கியபடி பெயர் எழுதத் தொடங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் கரையில் கையில் ஒரு வெள்ளரிக்காயோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"எழுத்து எவ்வளவு உயரம்?" என்று பெயின்டர் கத்தினார்.

ஓனர் என் பக்கம் சாய்ந்தார். "பத்து சென்டிமீட்டர்னு சொல்லும்மா. மாமா எளிமையான மனுஷர்."

கையிலிருந்த படகின் வரைபடத்தைப் பார்த்தேன். கையை வாயருகில் குவித்தேன்.

"முப்பது!"

தொண்டை தேறி வந்திருந்த ஃபோர்மேன் இன்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"சைலன்சர் கழண்டுடுச்சுப்பா," என்றார்.