இறக்கி வைக்க ஒரு கல்

அதிர்வேட்டு வெடித்ததும் காந்தி மார்க்கெட் கூரைகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒரே வீச்சில் எழும்பின. கத்தரிக்காயைக் கூறு கட்டிக்கொண்டிருந்த காளியாயி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கொடி கட்டிய ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது. அதன் மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“வெங்காய மண்டி முதலாளி, நமது வேட்பாளர், அண்ணன் சாரங்கபாணி அவர்களுக்குச் சுமை தூக்குவோர் சங்கம் ஒருமனதாக ஆதரவு தெரிவித்திருக்கிறது. இன்று காலை மண்டி வாசலுக்கு அண்ணன் வருகிறார். தொழிலாளத் தோழர்கள் திரண்டு வந்து வரவேற்க வேண்டும்.”

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல். ஊரெங்கும் இப்படித்தான் ஜீப்புகள் கத்திக்கொண்டு திரிந்தன. யார் என்ன கத்தினாலும் காளியாயி காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இந்தக் குரல் சங்கச் செயலாளர் தைரியராஜுடையது. போன மாதம் அவள் புருஷன் மூக்கனின் பாடைக்குப் பக்கத்தில் நின்று, “இந்தச் சாவுக்குச் சாரங்கபாணி பதில் சொல்லியே தீரணும்” என்று முழங்கியதும் இதே குரல்தான்.

சாரங்கபாணியின் மண்டி வாசலில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கற்களை நட்டு, தலை உயரத்துக்குக் குறுக்கே போட்ட ஒரு பலகைக்கல். தலைச்சுமையை இறக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். கல் இருந்தால் வேண்டாம். லாரியிலிருந்து மூட்டையோடு வருகிறவன் அங்கே சாய்ந்து, சுமையைக் கல்லின் மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்குவான். சுமை ஏறிய கழுத்து நிமிராது. தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். கல் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, காலுக்குத் தெரியும்.

தை மாதத்தில் ஓர் இரவு, லாரி திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். தூக்குகிற ஆட்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்ததும் முதல் நடை மூக்கனுடையது. வழக்கமான இடத்துக்கு வந்தான், வழக்கம்போலச் சாய்ந்தான். கல் இல்லை. அவன் விழ, மூட்டை அவன் கழுத்தின் மேல் விழுந்தது.

காளியாயி கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு லாரிகள் நிற்கும் பக்கம் போனாள். மருதை மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கனுக்குச் சுமை ஏற்றிவிடும் ஜோடி ஆள் அவன்தான்.

“ஒருமனதாங்கிறான். அதுல உன் மனசும் சேத்திதானா தம்பி?”

மருதை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நாங்க யாரும் சரின்னு சொல்லலக்கா. சும்மாட்டைக் கீழ வச்சது மெய்தான். ஆனா அத மூக்கனுக்குத்தான் வச்சோம்.”

அந்தச் சங்கத்தில் கை தூக்குகிற வழக்கம் கிடையாது. ஒரு காரியத்துக்குச் சம்மதம் என்றால், தலையில் சுற்றியிருக்கும் சும்மாட்டுத் துணியைக் கழற்றித் தரையில் வைப்பார்கள். சம்மதமில்லாதவன் கழற்றமாட்டான். போன கூட்டத்தில் தைரியராஜ் எடுத்த எடுப்பிலேயே, “முதல்ல நம்ம மூக்கனுக்கு அஞ்சலி” என்றான். எல்லோரும் எழுந்து சும்மாட்டைக் கழற்றி வைத்தார்கள். செத்தவனுக்காக நிற்கும்போது தலையில் துணியோடா நிற்பார்கள்? குனிந்த தலைகளுக்கு முன்னால் தைரியராஜ் ஏதோ வாசித்தான். அஞ்சலிதான் வாசிக்கிறான் என்றிருந்தார்கள். சாரங்கபாணி பெயர் காதில் விழுந்து அவர்கள் நிமிர்வதற்குள், “சும்மாடெல்லாம் கீழ இருக்கு. தீர்மானம் நிறைவேறிடுச்சு” என்று முடித்துவிட்டான்.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?”

“தைரியராஜுகிட்ட கேட்டோம்க்கா. அண்ணன் ஜெயிச்சா ஒரு கல்லென்ன, பத்துக் கல்லு நட்டுத் தருவாருன்னாரு. சங்கத்த நடத்துறது நானா, நீங்களான்னாரு.”

காளியாயிக்கு அழுகை வரவில்லை. உயிரோடிருந்த மூக்கனுக்குக் கல்லைக்கூட மிச்சம் வைக்காதவர்கள், செத்த மூக்கனைக் காட்டி ஆள் பிடித்திருக்கிறார்கள். பிணத்தைக்கூட வேலை வாங்கிவிட்டார்கள்.

“கீழ வச்ச சும்மாட்டை எடுத்துத் திரும்பக் கட்டத் தெரியாதா உங்களுக்கு?” என்றாள்.

மருதை முதல்முறையாக அவளைப் பார்த்தான். பிறகு லாரியைப் பார்த்தான்.

கல் இருந்த இடத்தில்தான் மேடை போட்டிருந்தார்கள். சாரங்கபாணி சரிகை அங்கவஸ்திரத்தோடு ஏறிக் கூட்டத்தைக் கும்பிட்டார்.

“கும்புடுறாரு பாரு,” என்றாள் கீரை விற்கிறவள். “வேலைக்குக் கொஞ்சம் லேட்டா வந்தா, அந்தக் கைதான் கழுத்தைப் புடிக்கும்.”

தைரியராஜ் காளியாயியைத் தேடிப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனான். அவள் கையில் ஒரு ரோஜா மாலையைத் திணித்தான். “மொதலாளிக்குப் போட்டுட்டு ரெண்டு வார்த்தை நல்லதா பேசு. பறிகொடுத்தவளே மன்னிச்சுட்டான்னா ஊரே ஓட்டுப் போடும். ஒனக்கும் ஒரு வழி பண்றேன்” என்று காதோரம் சொன்னான். மாலை கனத்தது. அதிலிருந்து அவள் புடவையில் தண்ணீர் சொட்டியது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். லாரிப் பக்கமிருந்து ஒருவர் பின் ஒருவராக, தலையில் வெங்காய மூட்டைகளோடு. மருதை முன்னால் வந்தான். மேடைக்கு எதிரே வந்து வரிசையாக நின்றார்கள். மண்டிக்குள் போகவில்லை, பேசவும் இல்லை. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஒருவனுடைய கெண்டைக்கால் வெடவெடவென்று ஆடியது.

தைரியராஜ் மைக்கைப் பிடித்துச் சிரித்தான். “நம்ம ஆளுங்க வேலை மேலயே கண்ணா இருப்பாங்க. மூட்டையை எறக்கிட்டு சும்மாட்டைக் கழட்டி வைங்கப்பா. நம்ம சம்மதத்தை அண்ணன் கண்ணால பாக்கட்டும்.”

ஒருவரும் அசையவில்லை.

“காளியாயி, நீ சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க.” மைக்கை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் மாலையை யாருக்கும் போடவில்லை. குனிந்து, கல் நட்டிருந்த இடத்துக்கு நேராக மேடைப் பலகையின் மேல் வைத்தாள். பிறகு மைக்கருகே வந்தாள்.

“எங்க எறக்குறதுண்ணே? கல்லு எங்க?”

அவள் குரல் மார்க்கெட் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. மூட்டைகள் நின்ற இடத்திலேயே நின்றன. சாரங்கபாணியின் கும்பிட்ட கைகள் பிரிந்தன. அவர் முகம் சிவந்து, மைக் இன்னும் உயிரோடிருப்பதை மறந்து, செயலாளர் பக்கம் சாய்ந்தார்.

“ஏய்யா தைரியராஜு, கல்லைப் பேத்துடுங்க, ஒருத்தனும் வாயத் தொறக்காம நான் பாத்துக்கறேன்னு நீதானேய்யா சொன்ன?”