இளஞ்சிவப்புச் சட்டை

குவாதலஹாரா நகரத்துச் சுவர்களில் காணாமல் போனவர்களின் முகங்களுக்குப் பஞ்சமில்லை. நகல் எடுத்து நகல் எடுத்துக் கறுத்துப்போன தாள்கள். போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் மரத்துவிட்டது. அதனால்தான் எலொய்சா தன் மகள் அராசெலியின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு சுலெமாவிடம் வந்தாள்.

சுலெமா டேப்லெட்டில் பாப் ஆர்ட் வரைபவள். கண்ணைப் பறிக்கும் நாலைந்து நிறங்கள், தடித்த கறுப்புக் கோடு, வரிசை வரிசையாகப் புள்ளிகள். பிரஷ்களைக்கூட அவளேதான் செய்துகொள்வாள். தாக்கோ விற்கும் சாப்பாட்டுக் கடையின் பிளாஸ்டிக் மேசை விரிப்பைப் படமெடுத்து, அதிலிருந்த பூவை வெட்டி ஒரு பிரஷ் ஆக்கியிருந்தாள்; ஒரே இழுப்பில் திரையில் தோட்டம் பூத்துவிடும். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கை அப்படிப்பட்ட கை, என்ன செய்வது!

புகைப்படத்தில் அராசெலி பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் இருந்தாள். வேலைக்குப் போய்த் திரும்பாத அன்றும் அதே சட்டைதான். சுலெமா பின்னணிக்குப் போட்டிருந்த பளீர் நீலத்தில் பச்சை எடுக்காது. அவள் யோசிக்கவே இல்லை. இளஞ்சிவப்பை ஊற்றி, அதன்மேல் தன் பிரஷ்ஷால் மஞ்சள் புள்ளிகளை இழுத்தாள்.

"ஐயோ, இவ்ளோ பளபளன்னு அவ உடுத்தவே மாட்டாளே!" என்றாள் எலொய்சா.

"பஸ்ல போறவன் திரும்பிப் பாக்கணுமா வேணாமாம்மா? பச்சையில போட்டா சுவரோட சுவரா போயிடுவா."

"அதுவும் சரிதான்டி. பாரேன், சினிமாக்காரி கணக்கா இருக்கா எம்பொண்ணு!"

எலொய்சா சிரித்தாள். மகள் போனதிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் சுலெமா சொக்கிப்போனாள். உண்மையான நிறத்தைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எழுத்து படத்தைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டாள்.

படம் ஊரெங்கும் பரவியது. கைபேசிகளில், பாலத் தூண்களில், ஊர்வலத் தட்டிகளில். பிள்ளையைத் தேடும் தாய்மார்களெல்லாம் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். சந்தையில் புள்ளிச் சட்டைக்காரி ஒருத்தியைப் பார்த்ததாக யாரோ சொல்ல, எலொய்சா பஸ் மாறி மாறி ஓடினாள். எவளோ ஒரு காய்கறிக்காரி திருதிருவென்று விழித்ததுதான் மிச்சம்.

மாதாமாதம் சவக்கிடங்கில் தாய்மார்களை ஒரு திரைமுன் உட்காரவைத்து, அடையாளம் தெரியாத உடல்களின் துணிகளைக் காட்டுவார்கள். எலொய்சா மகளின் படம் போட்ட பனியனோடு போவாள். பக்கத்தில் மகனைத் தேடும் ரமோனா.

"ரோஸ் கலர் வந்தா சொல்லு ரமோனா, எனக்குக் கண்ணு மங்குது."

"நான் பாத்துக்கறேன்க்கா. நீ மூச்சு விடு."

மழைக்காலம் முடிந்து ஒரு மத்தியானம் எலொய்சா மறுபடி சுலெமாவின் வீட்டுக்கு வந்தாள். பனியன் இல்லை. கறுப்பு உடுத்தியிருந்தாள்.

"அவ அந்தச் சவக்கிடங்குலயேதான்டி இருந்திருக்கா. காணாமப் போன மறுவாரத்துலேர்ந்து. இப்பத்தான் சோதிச்சுட்டு என் ரத்தத்தோட ஒத்துப்போச்சுன்னாங்க."

சுலெமா கையிலிருந்த டேப்லெட்டை மேசையில் வைத்தாள்.

"சட்டையக் காட்டினாங்க. எனக்கு அது புதுசில்ல. ஒவ்வொரு மாசமும் திரையில வந்துதான் இருக்கு. 'இது இல்ல, அடுத்தது போடுங்க'ன்னு நானே சொன்னேன். நான் தெச்ச சட்டைடி அது. இந்தக் கையால காலர் வெச்சது."

"என்னைத் திட்டுங்கம்மா. ரெண்டு அறை அறைங்க."

"உன்ன அறைஞ்சா? பெத்தவ நான்தானே மறந்தேன்." எலொய்சா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கண்ண மூடினா அவ ரோஸ் சட்டையிலதான் வர்றா. பச்சையில வரவே மாட்டேங்கறா. எம்பொண்ண எனக்குப் பச்சையில பாக்கணும். மேல பூசினத எடுத்துட்டு அடியில இருக்கறதக் காட்டு."

சுலெமாவின் வேலையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனி அடுக்கு; விரலால் தட்டினால் மறைந்துவிடும். அவள் புள்ளிகளை மறைத்தாள். இளஞ்சிவப்பை மறைத்தாள்.

அடியில் சட்டையே இல்லை. பச்சைச் சட்டையை அவள் வரைந்ததே கிடையாது. அராசெலியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே வெறும் வெள்ளை.

எலொய்சா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம். பழையபடியே போட்டுடு."

சுலெமா போட்டாள்.