நேற்றைய அமைதி

அரியாங்குப்பம் பாலத்தில் பேருந்து நின்றபோது சிந்துஜா செல்போனைப் பார்த்தாள். 'பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம்' என்று விடியற்காலையிலேயே சிவப்பில் வந்திருந்தது. வைத்திக்குப்பத்து மீனவர்களுக்காக அந்தச் செயலியை எழுதியவள் அவள்தான். ஜிபிஆர்எஸ் என்ற பழைய மொபைல் இணைப்பில் ஆமையாய் ஊர்ந்து வந்த தகவலை, சர்வரிலேயே சுருக்கி அனுப்பும்படி முந்தின நாள்தான் மாற்றியிருந்தாள். இப்போது இமைப்பதற்குள் வந்துவிடுகிறது.

எல்லோருக்கும் வந்ததா என்று கேட்கச் சுமலதாவைப் போனில் கூப்பிட்டாள். குப்பத்தில் முதலில் செயலியைப் போட்டுக்கொண்ட வெற்றிவேலின் மனைவி அவள்.

"செவப்பா? அவரு போன்ல கடல் அமைதின்னுதான காட்டுச்சு? மொத ஆளா போயிட்டாரே!"

சிந்துஜாவுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிவேலுடையது பழைய போன். சுருங்கி வந்ததை விரிக்க அதில் இடமில்லை. அப்படி நேர்ந்தால் திரை வெறுமையாக இருக்கவேண்டாமே என்று, கடைசியாக வந்த தகவலையே காட்டும்படி எழுதியதும் அவள்தான். நேற்றைய அமைதியை நம்பி இன்று போயிருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் எங்கே கேட்கும்?

அலுவலகத்துக்குள் மூச்சிரைக்க ஓடினாள். அவள் பாதி சொல்லும்போதே முதலாளி செம்மல் புரிந்துகொண்டார்.

"இப்ப ஆராய்ச்சி வேணாம்மா. சுருக்கறத நிறுத்து. லேட்டானாலும் போய்ச் சேரட்டும். நான் கடலோரப் போலீசுக்குச் சொல்றேன்."

நிறுத்தினாள். அவசரத்தில் ஒரே கட்டளையை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். பிறகு அங்கே உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனாள்.

மணல் முகத்தில் அறைந்தது. எச்சரிக்கை கிடைத்தவர்களின் படகுகள் கரையில் கிடந்தன. சுமலதா தண்ணீரோரம் நின்றிருந்தாள்.

"அக்கா, தப்பு என்னுது. அவரு போன் காட்டுனது நேத்து சேதி."

சுமலதா திரும்பிப் பார்த்தாள். மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சிந்துஜாவுக்கு. கடலில் ஒவ்வொரு வெள்ளை நுரையும் படகாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு நுரை மறையாமல் நின்றது. படகேதான். பாதி தண்ணீரோடு கரையேறியது.

"வலைய உட்டுட்டு சும்மா போனப் பாத்தேன்," என்றான் வெற்றிவேல், உதடு வெளுத்திருக்க. "திரையில வட்டம் சுத்திக்கினே இருந்துச்சு, அப்புறம் செவப்பு வந்துச்சு. வலைய அறுத்துட்டுத் திருப்பிட்டேன்."

சுமலதா அவன் சட்டைப் பையிலிருந்து ஈரப் போனைப் பிடுங்கிச் சிந்துஜாவிடம் நீட்டினாள்.

"இதுல சரியா வர்றவரிக்கும் இவரு கடலுக்குப் போவமாட்டாரு. நீயே வச்சிக்க."

அந்த வாரம் முழுக்க அந்தப் போனோடுதான் சிந்துஜா மல்லுக்கட்டினாள். விரிக்க முடியும் என்று சொல்லும் போன்களுக்கு மட்டுமே சுருக்கி அனுப்பினாள், மற்றவற்றுக்கு அப்படியே. எதுவும் வராவிட்டால் 'தகவல் இல்லை' என்று பெரிய எழுத்தில் காட்டச் செய்தாள். போனைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் வெற்றிவேல் கடலுக்குப் போனான். படகு திரும்பிவிட்டது என்று சுமலதா சொல்லும்வரை சிந்துஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.