வாங்காத வீட்டின் குழாய்கள்

குழாய்க்காரர் அந்த வீட்டை விலை பேச மூன்று முறை போய்வந்தார். முதல் முறை குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். அடுத்த முறை சமையலறை அடைப்பை எடுத்தார். மூன்றாம் முறை மொட்டைமாடித் தொட்டியில் ஏறி இறங்கினார். சொட்டும் குழாயைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப அவருக்கு மனசு வராது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, வீடு பேசப் போனீங்களா, வேலைக்குப் போனீங்களா? நல்லா இருக்கிற வீட்டுக்கு விலை ஏறுமா, இறங்குமா?"

"சொட்டுதே..."

"சொட்டட்டும்! வாங்கின பிறகு அடைச்சா ஆகாதா?"

நான்கு போர்ஷன் உள்ள வீடு. ஒன்றில் குடியிருந்து, மூன்றை வாடகைக்கு விடுவதாகத் திட்டம். இருபது வருடம் அடுத்தவர் சுவரைத் துளைத்தவருக்குத் தனக்கென்று நான்கு சுவர் வேண்டும் என்ற ஆசை. ஆனால் வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். அவருக்கு ஏது அது? கையில் இருந்தது விலையில் கால் பங்கு. கூட்டுச் சேர்கிறாயா என்று கேட்டதற்கு மைத்துனர், "யோசிச்சு சொல்றேன் மாமா" என்று ஆறு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். வட்டிக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று நான்காம் முறை போனார். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டுக்குப் போகிறவர். அவர் உள்ளே இருந்தபோது, இவர் வழக்கம்போல வாசல் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு துணிக்கடை முதலாளி வீடு பார்க்க வந்து நின்றார்.

"இந்த வீட்டு வேலை நீங்கதான் பார்க்கிறீங்களா? உள்ளே பைப்பெல்லாம் எப்படி?"

குழாய்க்காரர் முறுக்குவதை நிறுத்தினார். 'சுவருக்குள்ளே எல்லாம் துரு' என்று ஒரு வார்த்தை போதும். சுவரை உடைத்து எவரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் சுவருக்குள்ளும் பார்க்கிற ஒருவர் இருக்கிறாரே!

"நல்லா இருக்கு சார். இருபது வருஷம் தாங்கும்."

முதலாளி உள்ளே போனார். கேட்ட விலைக்கு மேலே போட்டு, முழுப் பணமும் ஒரே தடவையில் தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். குழாய்க்காரர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நில்லுங்க" என்றார் டீச்சர். "ஜன்னல்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு பொய் சொல்லியிருந்தா அவர் ஓடியிருப்பாரே?"

"நாக்கு வரைக்கும் வந்துச்சு டீச்சர். அதுக்கு மேல வரல."

டீச்சர் சிரித்தார். "மொத்தப் பணத்தை வெச்சுக்கிட்டு இந்த வயசுல நான் என்ன பண்ணுவேன்? காவல் காக்கணும். மாசா மாசம் கைக்கு வந்தா மருந்துக்காவது மககிட்ட கை நீட்ட வேண்டாம். கால் பங்கு இப்போ கொடுங்க. மீதியை எட்டு வருஷத்துக்குப் பிரிச்சுக்கலாம். வங்கி வட்டியில பாதி போதும். கடைசித் தவணை வரைக்கும் பத்திரம் வக்கீல்கிட்ட இருக்கட்டும்."

குழாய்க்காரர் கருவிப் பையை அங்கேயே போட்டார். வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்தார். அவள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மூன்று போர்ஷன் வாடகையைக் கூட்டிப் பார்த்தாள். தவணை போக, கொஞ்சம் மிஞ்சியது. இருமுறை கூட்டியும் மிஞ்சியது.

"ஒரு மாசம் வாடகை வராம தவணை தவறிட்டா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டாள்.

"மூணு மாசம் பொறுப்பேன். நாலாவது மாசம் பெட்டியோட இங்கேயே வந்துடுவேன்."

"வாங்க, உங்களுக்குன்னு ஒரு போர்ஷன் காலியா வைக்கிறோம்."

"காலியா வெச்சா தவணை எப்படி வரும்? பைத்தியக்காரப் பொண்ணே, அதையும் வாடகைக்கு விடு!"

மூவரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.