எர்த் இல்லாத டெல்மர்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மின்னசோட்டாவில் எங்கள் சிற்றூரின் அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு மாத இதழ் உண்டு. அதற்கு ஆசிரியன் நான். ‘பழைய கருவிகளில் ஃப்யூஸும் எர்த்தும்’ என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னார் சங்கத் தலைவி கொரீன். முப்பது வருடம் மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இத எவன் படிப்பான்? யாரையாவது சாகடி.”

அப்படித்தான் டெல்மரைச் சாகடிக்க நேர்ந்தது.

2

முதல் தொடக்கம்: ‘அந்த அக்டோபர் மாலையில் மரணம் ஒரு டூ பின் பிளக்கின் வடிவில்...’ (வேண்டாம். கதைகளில் மரணம் எப்போதும் மாலையில்தான் வருகிறது.)

இரண்டாவது: ‘டெல்மர் நல்லவர்தான், ஆனால்...’ (ஒரு ‘ஆனால்’ போட்ட பிறகு எவர்தான் நல்லவர்?)

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: டெல்மர் ஹாகன் பால்பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். அவர் வீட்டு நிலவறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், 1952ஆம் வருடத்து டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருக்கிறது. கன்றுக்குட்டி கனம். எர்த் கிடையாது. பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் இரும்புப் பெட்டி முழுக்க மின்சாரம். அதற்கு அவர் கண்ட வழி: பிளக்கின் சரியான பக்கத்தில் அடையாளத்துக்கு மனைவி ஆர்டிஸின் சிவப்பு நகப்பூச்சு, காலடியில் ரப்பர் விரிப்பு, மின்சாரம் நெஞ்சு வழியே போகாதிருக்க இடது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள். ஃப்யூஸ் போனபோது புதிது வாங்கவில்லை. சூயிங்கம் சுற்றி வரும் ஈயத்தாளை அதன்மேல் சுற்றிவிட்டார்.

“யோவ், ஒரு த்ரீ பின் மாட்டித் தொலையேன்,” என்பார் கொரீன்.

“அம்பத்திரெண்டுல ஏது தாயே த்ரீ பின்? எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்.”

“உன் பல்லு செட்டு மட்டும் ஒரிஜினலா?”

3

டெல்மருக்கும் ஆர்டிஸுக்கும் நாற்பத்தாறாவது கல்யாண நாள். நகப்பூச்சு உதிர்ந்து போயிருந்ததால் அன்று காலை பிளக்கைத் திருப்பிச் செருகியிருந்தார் டெல்மர். வலது கை டிரான்ஸ்மிட்டர்மேல் இருந்தது. அழுக்குத்துணிக் கூடையோடு இறங்கி வந்த ஆர்டிஸ், வாஷிங் மெஷினில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கணவருக்கு உதட்டில் ஒரு முத்தம் கொடுத்தார்.

டெல்மருக்கு ரப்பர் விரிப்பு இருந்தது. ஆனால் வாஷிங் மெஷினுக்கு எர்த் இருந்தது. மின்சாரம் பெட்டியிலிருந்து டெல்மரின் கைக்கும், அவர் உதட்டிலிருந்து ஆர்டிஸின் உதட்டுக்கும், அங்கிருந்து மெஷினுக்கும் பாய்ந்தது. டெல்மர் தரையில் உருண்டார்; ஆர்டிஸ் கூடைமேல் போய் விழுந்தார். முழங்கையில் ரத்தம்.

(இந்த இடத்தில் நாற்பத்தாறு வருட முத்தத்தின் வீரியம் பற்றி ஒரு நகைச்சுவை எழுதியிருந்தேன். ஆர்டிஸிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “அத எடுத்துடு. அரை மணி நேரம் என் நெஞ்சு தாறுமாறா அடிச்சுது,” என்றார். எடுத்துவிட்டேன்.)

தட்டுத்தடுமாறி எழுந்த டெல்மரின் முதல் வார்த்தை: “ஐயையோ, டிரான்ஸ்மிட்டர் மீட்டர் ஓடுதான்னு பாரு!”

ஆர்டிஸ் மீட்டரைப் பார்க்கவில்லை. துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஃபார்கோ நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் காரை ஓட்டிப் போய்விட்டார்.

என் பிரதியில் டெல்மர் எழுந்திருக்கவே இல்லை. மாதாகோவில் கூடத்தில் சவ அடக்க விருந்து, அடுப்பில் வேகவைத்த கலவைச் சாப்பாடான ஹாட்டிஷ் ஆறு தட்டு, கொரீன் விம்மி அழுகிறார். நன்றாகவே வந்திருந்தது.

4

பிரதி எப்படியோ டெல்மர் கைக்குப் போய்விட்டது. சங்கக் கூட்டத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என்னச் சாகடிச்சுட்டியாமே?”

“கதைக்கு ஒரு அழுத்தம் வேணும்ல...”

“நான் சாகறது கிடக்கட்டும்யா. பதினெட்டாவது வரியப் பாரு. ஃப்யூஸக் கொண்டுபோய் நியூட்ரல்ல போட்டிருக்க! இதப் படிச்சு மாட்டுறவன் நிசமாவே செத்துப்போவான்!”

சரிதான்.* கொரீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்போ உன் வீட்டுல எந்தக் கம்பியில இருக்கு?”

டெல்மர் என்னவோ யோசித்... (இல்லை, யோசிக்கவில்லை. தரையைப் பார்த்தார்.)

“ஈயத்தாள்ல,” என்றார்.

* நியூட்ரலில் போட்ட ஃப்யூஸ் எரிந்தால் கருவி அணையும். மின்சாரம் உள்ளேயே காத்திருக்கும். ஃபேஸ் கம்பியில்தான் போட வேண்டும். தவறு என்னுடையது.

5

சனிக்கிழமை நாங்கள் மூவரும் நிலவறையில் இருந்தோம். கொரீன் த்ரீ பின் பிளக் மாட்டினார். பச்சைக் கம்பியைப் பெட்டியின் இரும்போடு திருகினார். ஃபேஸில் சரியான ஃப்யூஸ். ஃபேஸுக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய கன்டென்சர் ஒன்று மட்டும் மிச்சம்.

“இதையாவது விட்டுடு. ஒரிஜினல்.”

“சரி, இருக்கட்டும்.” (இவ்வளவு சுலபமாக கொரீன் விட்டுக்கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம்.)

பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டதும், டப். ஃப்யூஸ் போயிற்று.

“பாத்தியா! எழுபது வருசமா ஓடுனதக் கெடுத்துட்ட!”

“நான் கெடுக்கலய்யா. அந்தக் கன்டென்சர் எப்பவோ உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகிச் செத்துப்போச்சு. அன்னிக்கு ஆர்டிஸ் ஒடம்பு வழியாப் போனது, இன்னிக்கு இந்தக் கம்பி வழியாப் போயிருக்கு. அவ்வளவுதான்.”

டெல்மர் பிளக்கைப் பிடுங்கி, கட்டரை வாங்கி, கன்டென்சரைத் தானே வெட்டினார். புது ஃப்யூஸோடு கருவி ஓடியது. அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

6

முடிவு. செத்த டெல்மரையே அச்சிடச் சொல்கிறார் கொரீன்; உயிரோடு இருப்பவனைப் பார்த்து எவனும் திருந்தமாட்டானாம். டெல்மருக்கு வேறொன்று வேண்டும்.

“நான் ஆர்டிஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு எழுதிடேன். அச்சுல வந்தா அவ படிச்சுக்குவா.”

எழுதிப் பார்த்தேன். ‘தழுதழுத்த குரலில் டெல்மர்...’ (அவருக்குத் தழுதழுக்காது.) ‘ஆர்டிஸ் புன்னகையோடு மன்னித்...’ (இதை எழுத நான் யார்?)

காகிதத்தைக் கசக்கிவிட்டு ஃபார்கோ எண்ணை அழுத்தி, தொலைபேசியை அவர் கையில் கொடுத்தேன். நான்காவது மணியில் எடுத்தார் ஆர்டிஸ்.

“த்ரீ பின் மாட்டியாச்சு,” என்றார் டெல்மர்.

“சரி. அப்புறம்?”

டெல்மர் என்னைப் பார்க்கிறார். என்னிடம் ஒரு வரி இருக்கிறது. உங்களிடமும் ஒன்று இருக்கும். தயவுசெய்து எடுத்துக்கொடுக்காதீர்கள். ஆர்டிஸ் இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.