ஓய்வு வாரத்தில் வந்த டைட் எண்ட்

அக்டோபர் 19, ஞாயிறு. இன்றைய தவறு: ஒமாஹா அணிக்கு இந்த வாரம் ஆட்டமே கிடையாது என்பதைப் பார்க்காமல், அதன் டைட் எண்ட் மார்லன் டெட்ரிக்கை இறக்கிவிட்டேன். மைதானத்தில் வேலை இல்லாததால் அவர் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கிர்ஸ்டின் ஹோவ்டே மாலை வகுப்புக்காக எழுதிவந்த நாட்குறிப்பில் அன்று இவ்வளவுதான் இருந்தது. அவள் ஆல்டர் மில்ஸ் சீஸ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். புதன்தோறும் புள்ளியியல் வகுப்புக்குப் போனாள். அன்றாடம் எடுக்கும் முடிவுகளையும் அவற்றிலுள்ள பிழைகளையும் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பிழைகளுக்கு ஒதுக்கிய பகுதி அவளுக்கு எப்போதும் போதவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஊர் அதைவிட விரிவாக நினைவில் வைத்திருக்கிறது. நண்பகல் பன்னிரண்டுக்கு, மற்ற மைதானங்களில் விசில் ஊதிய அதே நேரத்தில், ஆறரை அடி உயரமும் அதற்கேற்ற அகலமுமாக ஒருவர் தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் அணிந்து அவளுடைய சமையலறைக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். கால்மிதியில் காலணியின் சேற்றைத் துடைத்தார். "எங்க நிக்கணும் மேடம்?" என்று கேட்டார். கிர்ஸ்டின் ஃபிரிட்ஜின் இடப்பக்கத்தைக் காட்டினாள். அவர் அங்கே ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து காத்திருந்தார்.

ஆல்டர் மில்ஸில் செப்டம்பர் பிறந்தால் ஆளாளுக்கு ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி. அணி செல்போனில்தான் இருக்கும், ஆட்டக்காரர்கள் நிஜம். ஞாயிற்றுக்கிழமை நிஜ மைதானத்தில் அவர்கள் செய்வதெல்லாம் புள்ளிகளாகி அணிக்காரரின் கணக்கில் ஏறும். வாரந்தோறும் இருவர் இருவராக மோதுவார்கள், கூடுதல் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. பந்தை எறிபவரையும் ஓடுபவரையும் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை அல்ல. டைட் எண்ட்தான் தலைவலி. அவன் பாதி நேரம் சுவர்போல நின்று எதிராளியைத் தள்ளுவான், மீதி நேரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பான். தள்ளினால் புள்ளி கிடையாது. எந்த வாரம் எவன் தள்ளுவான், எவன் பிடிப்பான் என்பது அவனுடைய பயிற்சியாளருக்கே தெரியுமா என்பது சந்தேகம். கிர்ஸ்டினிடம் இரண்டு பேர் இருந்தார்கள்: ஒமாஹாவின் டெட்ரிக், டல்சாவின் யான்சி ஸ்ட்ரௌட். வாரத்துக்கு ஒருவரைத்தான் இறக்கலாம். எதிரணியின் தடுப்பு, காற்றின் வேகம், குதிகால் வலி, புல்தரை, செயற்கைத் தரை என்று பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, அளந்து, அழித்து, திரும்ப அளந்து அவள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பாள். உட்கார வைக்கப்பட்ட மற்றவர் அன்று மைதானத்தையே தலைகீழாகப் புரட்டுவார்.

இதனால் அவள் அணி கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்தது. கடைசியில் வெர்ன் ஸ்டுப்கா; பால் லாரி ஓட்டுபவர், ஊரில் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் லீக்கில் இருபது வருடப் பழைய ஆள். லீக்கின் விதி சுருக்கமானது: பருவம் முடியும்போது கடைசியில் இருப்பவர் நாற்காலியை விட்டுவிட வேண்டும். டாட்டியின் மதுக்கடையில் பின்மேசையைச் சுற்றிப் பத்து நாற்காலிகள். செவ்வாய் மாலைகளில் வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. காத்திருப்போரில் முதல் ஆளான புதுப் பல் மருத்துவர் தினமும் வந்து பின்மேசையைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போவார். கிர்ஸ்டின் டுலூத் நகரத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவள் பெயரைச் சொல்லி ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. பின்மேசையிலும் கூப்பிடவில்லைதான், ஆனால் அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் இருந்தது.

"வாங்க புரொபசரம்மா," என்பார் வெர்ன். "இந்த வாரம் எந்தத் தடியனை உக்கார வச்சிருக்கீங்க? சொன்னா நான் போய் அவன்மேல பந்தயம் கட்டிட்டு வந்துடுவேன்."

அந்த ஊரில் கேலி செய்யப்படுகிறவர்தான் ஊர்க்காரர். அதை இழந்துவிடுவோமோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

அன்று சமையலறையில் ஒரு மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுக்கப்போய்க் கை நழுவியது. டெட்ரிக் இரண்டே எட்டில் பாய்ந்து தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதைப் பிடித்தார். கிர்ஸ்டினின் செல்போன் சிணுங்கியது: ஒரு புள்ளி. அவள் போனைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பிறகு முறைப்படி, ஒவ்வொரு பொருளாக, எடை குறைந்ததிலிருந்து தொடங்கிக் கீழே போட ஆரம்பித்தாள். மூன்று மணிக்குள் கரண்டிகள், ஒரு தலையணை, அரைத்த மாட்டிறைச்சிப் பொட்டலம், பக்கத்து வீட்டுப் பூனை எல்லாம் அவர் கைக்கு வந்துசேர்ந்தன. பூனைக்கு மட்டும் புள்ளி ஏறவில்லை. அது தானாகக் குதித்ததாகக் கணக்கு. கடைசி விசில் நேரத்தில் டெட்ரிக் இரண்டு தட்டு கேசரோல் சாப்பிட்டு, நன்றி சொல்லி, நெடுஞ்சாலையோரம் நடந்து போனார். அவள் அந்த வாரம் ஜெயித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்மேசையில் பெரிய ரகளை. "பூனை பிடிக்கறவனுக்குப் புள்ளியா? அப்ப எங்க வீட்டு நாய் கூட டைட் எண்டுதான்!" என்று வெர்ன் மேசையைத் தட்டினார். லீக்கின் நாட்டாண்மை டாட்டிதான். எழுபது வயதிலும் பீப்பாயைத் தனியாக உருட்டுகிற பெண். துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அந்தரத்துல பிடிச்சா செல்லும். கைல கொடுத்து வாங்கினா செல்லாது. அவனைக் கூப்பிடத் தெரியாம நீ அழுதா நான் என்னடா பண்றது வெர்ன்?"

அடுத்த வாரத்திலிருந்து ஊர் முழுக்க ஓய்வு வாரத்து டைட் எண்டுகளைத் தேடி இறக்கத் தொடங்கியது. ஓய்விலிருந்த எறிபவர்களை இறக்கிப் பார்த்தவர்களுக்கு யாரும் வரவில்லை. அவர்கள் பெரிய மனிதர்கள். விளம்பரப் படப்பிடிப்பு இருக்கும். டைட் எண்ட் கூப்பிட்டால் வருகிற ஆள். ஒரே அணியின் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நாலு வீட்டில் இருந்ததையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செல்போனில் அவன் ஆயிரம் அணிகளில் இருக்கிறவன்தானே. நவம்பரில் கூரையோர மழைநீர்க் குழாய்களில் ஓர் இலை இல்லை. வந்தவர்கள் சேற்றில் சிக்கிய டிராக்டர்களைத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். தள்ளியதற்குப் புள்ளி கிடையாது என்பதை மறந்து மக்கள் கைதட்டினார்கள். லூத்தரன் தேவாலயத்தின் பாடகர் குழுவுக்கு ஏழு அடிக்குரல்கள் கூடுதலாகக் கிடைத்தன. ஞாயிறு மதியங்களில் தெருவெங்கும் ஜன்னல் வழியாகத் தட்டுகளும் டர்னிப் கிழங்குகளும் பறந்தன, ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. வந்தவர்களின் பசிக்கு ஈடுகொடுக்க இறைச்சிக் கடைக்காரர் சாசேஜுக்கு இரண்டாவது இயந்திரம் வாங்கினார். வெர்ன் வீட்டுக்கு வந்தவன் மட்டும் நாள் முழுக்க அவருடைய லாரியைத் தள்ளிக்கொண்டே இருந்தான், ஒன்றையும் பிடிக்கவில்லை. "எனக்குன்னு வாய்க்கறது பாரு," என்று வெர்ன் சொன்னபோது பின்மேசை சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தது.

ஓய்வு வாரங்கள் முடிந்தன. எல்லா அணிகளும் மைதானத்துக்குத் திரும்பின. டிசம்பர் முதல் ஞாயிறு, பருவத்தின் கடைசி ஆட்டம். கிர்ஸ்டினும் வெர்னும் சமமான வெற்றிகளோடு அடியில் இருந்தார்கள், அன்று ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியிருந்தது. தோற்பவர் நாற்காலி பல் மருத்துவருக்கு. ஜெயிப்பவர் மற்ற எட்டுப் பேரோடு பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுகளுக்குப் போவார்.

பன்னிரண்டு கட்டங்களும் ஒரே குரலில் ஸ்ட்ரௌட் என்றன. ஸ்ட்ரௌட் கூரை போட்ட மைதானத்தில், நாட்டிலேயே மோசமான தடுப்புக்கு எதிரே ஆடுகிறார். டெட்ரிக்குக்கு ஒமாஹாவில் பனிமழை, அதோடு குதிகால் வலி. கிர்ஸ்டின் ஸ்ட்ரௌட்டை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு டெட்ரிக்கை வைத்துவிட்டு, ஏன் என்று எழுத உட்கார்ந்தாள். "அவர் கால்மிதியில் காலைத் துடைத்தார்" என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எழுத வரவில்லை. அதை அடித்துவிட்டு, "முறை தவறியது" என்று எழுதினாள்.

பன்னிரண்டுக்குச் சமையலறைக் கதவு திறந்தது.

"ஐயோ, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? உங்களுக்கு இன்னிக்கு மேட்ச் இருக்கே!"

"நீங்கதானே மேடம் இறக்கினீங்க," என்றார் டெட்ரிக், தாடியிலிருந்து பனியைத் தட்டியபடி. "அங்க பத்துப் பேர் இருக்காங்க. சமாளிப்பாங்க."

தொலைக்காட்சியில் ஒமாஹா ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு வானிலைக்குப் போனார். செய்தி பரவி, அரைமணியில் பின்மேசையே கிர்ஸ்டினின் முற்றத்துப் பனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. எதிராளிக்குத் தடுக்கும் உரிமை உண்டு என்று டாட்டி தீர்ப்புச் சொல்ல, வெர்ன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சமையலறைக்குள் வந்து நின்றார். அவள் எறிந்த பாதியை வெர்ன் தட்டிவிட்டார். முட்டைகள் போயின. ஒரு டம்ளர் செட் போயிற்று. வெர்னின் ஆட்டக்காரர்கள் அங்கே மைதானத்தில், அந்தப் பருவத்தில் முதல்முறையாக, ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி தாண்டியபோது கிர்ஸ்டின் ஆறு புள்ளி பின்தங்கியிருந்தாள், ஒமாஹா ஆட்டத்தில் இரண்டு நிமிடமே பாக்கி.

"கோட்டைத் தாண்டிப் பிடிச்சா ஆறு, பிடிச்சதுக்கு ஒண்ணு," என்றாள் டாட்டி. "ரோட்டு ஓரம்தான் கோடு. வெளிய வாங்க எல்லாரும்!"

கிர்ஸ்டின் வாசற்படியில் நின்றாள். வீட்டில் உடையாமல் மிஞ்சியது ஆலையிலிருந்து கொண்டுவந்த செடார் சீஸ் கட்டி ஒன்றுதான், மெழுகுத் துணி சுற்றியது, ஒரு செங்கல் அளவு. டெட்ரிக் முற்றத்தில் நொண்டிக்கொண்டே ஓடத் தொடங்கினார். வெர்ன் அவர்மேல் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார். காற்று மேற்கிலிருந்து வீசியது. கிர்ஸ்டின் கையை உயர்த்தினாள், இறக்கினாள். கட்டியின் எடை, சாய்வு, ஓடுகிறவரின் வேகம். வினாடிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு, பனியில் இழுபட்டுக்கொண்டிருந்த வெர்னே பொறுக்கமாட்டாமல் கத்தினார்:

"யோசிக்காத கழுதை! எறிஞ்சு தொலை!"

எறிந்தாள். செடார் ரொம்ப உயரமாக, ரொம்ப இடப்பக்கமாகப் போயிற்று. முற்றத்தின்மேல் சற்று நேரம், தன் வழியை விசாரிப்பதுபோல, அந்தரத்தில் நின்றது. டெட்ரிக் இடுப்பில் வெர்னோடு எழும்பினார். இருவரும் தந்திக்கம்பி உயரத்துக்குப் போனதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். டெட்ரிக் ஒற்றைக் கையால் கட்டியைப் பிடித்து, சாலையின் அந்தப் பக்கம் இறங்கினார். வெர்ன் இந்தப் பக்கம் பனிக்குவியலில் தலைகுப்புற விழுந்தார். செல்போன் ஏழு முறை சிணுங்கியது.

"ஒரு புள்ளியில போச்சு!" பனிக்குள்ளிருந்து வெர்ன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "கீழ இருந்து பார்த்தா தெரியாதுடா, என் வீடு தெரிஞ்சது அங்கேர்ந்து! ஓட்டை விழுந்திருக்கு கூரையில!"

செவ்வாய்க்கிழமை வெர்னின் நாற்காலியில் பல் மருத்துவர் இருந்தார். அருமையான மனிதர். கிர்ஸ்டினின் பன்னிரண்டு கட்டங்களைக் கவனமாகக் கேட்டு, மிகவும் சிறப்பான முறை என்று பாராட்டினார். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. கிர்ஸ்டின் தன் நாற்காலியில் சாய்ந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். எப்படி உட்கார்ந்தாலும் அது காலியான நாற்காலி மாதிரியே இருந்தது. பாதி பீரில் எழுந்து, கல்லாவில் நின்ற டாட்டியிடம் போனாள்.

"ஓர் அணியை ரெண்டு பேர் நடத்தலாமா?"

"நடத்தலாம். ஆனா நாற்காலி ஒண்ணுதான்," என்றாள் டாட்டி. "நீ பாதி, அவன் பாதி. அவன் பாதி பெருசா இருக்கும், சொல்லிட்டேன்."

அதே மாலை விளக்கு வெளிச்சத்தில் வெர்ன் தன் வீட்டுக் கூரைக்கு ஏணி போட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். கிர்ஸ்டின் கீழே நின்று, பிளேஆஃப் முதல் சுற்றுக்கு டெட்ரிக்கா ஸ்ட்ரௌட்டா என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். வெர்ன் வாயிலிருந்த ஆணிகளை எடுத்தார்.

"என்னது? திரும்பச் சொல்லு."

"தெரியல, வெர்ன். நெஜமாவே தெரியல."

"மூணு மாசமா இந்த வார்த்தைக்குத்தான் காத்திட்டிருந்தேன்," என்று அவர் இறங்கத் தொடங்கினார். "ஸ்ட்ரௌட் என்ன சாப்பிடுவான்னு விசாரிச்சியா? அதுகூடவா உன் கட்டத்துல இல்ல? என்ன புரொபசரோ!"

அன்றைய நாட்குறிப்பில் பிழைகளுக்கான இடம் காலியாக இருக்கிறது. அடியில் இவ்வளவுதான்: நாளை, புதன். வகுப்புக்குப் போகும் வழியில் வெர்னை ஏற்றிக்கொண்டு இறைச்சிக் கடையில் ஆறு கிலோ சாசேஜ் சொல்லிவைக்க வேண்டும். முட்டையும் டம்ளரும் வாங்க வேண்டும், டெட்ரிக், ஸ்ட்ரௌட் இருவருமே வந்துவிடக்கூடும்.